உதவி: ட்ரேஸ் பண்ணிய மீன் சின்னத்தில் ஸ்டிக்கர் வெட்டும் பிளொட்டர் திக்குகிறது

கல்லடித் தம்பி:
எங்கள் விளையாட்டுக் கழகச் சின்னத்தில் நடுவில் பாடும்மீன், சுற்றிவர வட்டத்தில் கழகப் பெயர். ஒரிஜினல் பைல் யாரிடமும் இல்லை. போனுக்குப் போன் கைமாறி வந்த 320 பிக்சல் ஜேபெக்தான் இருக்கிறது. அதை வைத்து வேனுக்கு 3 அடி ஸ்டிக்கர் வெட்ட வேண்டும், ஜேர்சிக்கு ஸ்கிரீன் பிரிண்டும் அடிக்க வேண்டும். வரையும் மென்பொருளான இங்க்ஸ்கேப்பில், படத்தைத் தானாகக் கோடாக்கும் ட்ரேஸ் பிட்மேப் போட்டால் 4,000 நோடுக்கு (கோட்டைப் பிடிக்கும் புள்ளி) மேல் வருகிறது. வட்டம் வட்டமாக இல்லை, 'ழ'வின் வயிறு அடைபட்டுவிட்டது. கத்தி திக்கித் திக்கிப் போய் வினைலைக் கிழிக்கிறது. சின்னப் பொட்டுகளை நீக்கும் ஸ்பெக்கிள்ஸைக் கூட்டினால் மீனின் கண்ணும் சேர்ந்து காணாமல் போகிறது. வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும், என்ன செய்யலாம் அண்ணன்மாரே?

கல்முனை ஸ்கிரீன்காரன்:
தம்பி, 320 பிக்சலை 3 அடிக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 9 பிக்சல்கூட வராது. படத்திலுள்ள படிக்கட்டையும் ஜேபெக் விளிம்பு அழுக்கையும் உருவமென்று நினைத்து ட்ரேஸ் அப்படியே வரைந்து தருகிறது. அதை விடுங்கள், கையால் வரையுங்கள். படத்தைக் கீழ் லேயரில் மங்கலாக்கிப் பூட்டுங்கள். வட்டத்துக்கு எலிப்ஸ் டூல் இருக்கிறது. பெயரை ஒத்த எழுத்தில் அடித்து வட்டத்தில் ஏற்றிக் கடைசியில் பாத் (வெறும் விளிம்புக் கோடு) ஆக்குங்கள். பழைய சின்னமென்றால் பாமினி எழுத்துருவாக இருக்கலாம். அது யுனிகோட் இல்லை, யுனிகோடில் அடித்ததைப் பாமினிக்கு மாற்றி ஒட்டினால்தான் எழுத்து வரும்.

மீன்தான் வேலை. முதுகுக்கு வாயில் ஒன்று, உச்சியில் ஒன்று, வாலடியில் ஒன்று என மூன்று நோட் போதும், மிச்சத்தை நோடிலிருந்து இழுத்து வளைக்கும் ஹேண்டில் பார்த்துக்கொள்ளும். புதிதாகப் பழகுபவர்கள் வளைவு முழுக்கப் புள்ளி குத்துவார்கள், நெளிவு அங்கேதான் வருகிறது. செதில் ஒன்றை வரையுங்கள், மற்றதெல்லாம் கொப்பி.

வினைல் வெட்டி:
ஒன்று சேர்க்கிறேன். கத்திக்குக் கோட்டின் தடிப்புத் தெரியாது, பாத் மட்டுமே தெரியும். தடிப்பை உருவமாக்க ஸ்ட்ரோக் டு பாத், பிறகு எல்லாவற்றையும் ஒன்றாக்க யூனியன். இல்லாவிட்டால் செதில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இடமெல்லாம் வெட்டிவிடும். ஜேர்சிக்கு இதையே சின்னதாக்க வேண்டாம், செதிலைக் குறைத்து வேறொன்று வையுங்கள். மெல்லிய இடைவெளியெல்லாம் மையில் அடைபடும்.

கல்லடித் தம்பி:
இரவு 2 மணிவரை இருந்து வரைந்தேன். செதில் நீங்கலாக மீனுக்கு 46 நோட். கத்தியின் சத்தமே மாறிவிட்டது, வழுக்கிக்கொண்டு போகிறது. சரி என்று செயலாளரிடம் காட்டினால், வால் மற்றப் பக்கமல்லவா வளையும் என்கிறார். பழைய சான்றிதழில் பெரிதாக அச்சடித்தது வீட்டில் இருக்கிறதாம். இதை முதலே சொல்லியிருக்கலாம்!

கல்முனை ஸ்கிரீன்காரன்:
சான்றிதழை வாங்கி 600 டிபிஐயில் நீங்களே ஸ்கேன் பண்ணுங்கள். போனில் படமெடுத்து அனுப்ப மட்டும் அவரை விடாதீர்கள்.