சுவரில் ஆடும் வாஷ்பேசின்: சிலிக்கானா, அரால்டைட்டா, வெள்ளை சிமெண்டா?

மாடிவீடு:

குளியலறையில் 22×16 இன்ச் வாஷ்பேசின். சுவரில் பதித்த இரண்டு ரேக் போல்ட்டில் நிற்கிறது, கீழே பெடஸ்டல் (தாங்கு கால்) கிடையாது. முன்விளிம்பை அழுத்தினால் அரை இன்ச் இறங்கி ஏறுகிறது. சுவருக்கும் பேசினுக்கும் நடுவே பூசியிருந்த வெள்ளை சிமெண்ட் உதிர்ந்துவிட்டது. மேல்விளிம்பில் 3 மி.மீ. இடைவெளி, அதன் வழியாகத் தண்ணீர் பின்பக்கம் இறங்குகிறது. சுவர் முழுக்க டைல்ஸ். உள்ளே செங்கல்லா, ஹாலோ பிளாக்கா என்று தெரியாது.

ஹார்டுவேர் கடையில் அரால்டைட், டிரான்ஸ்பரன்ட் சிலிக்கான், எம்-சீல் என்று மூன்றையும் எடுத்து வைத்தார்கள். இதில் எது தாங்கும்? பேசினைக் கழற்றாமல் ஒட்ட முடியுமா?

பதினேழாம்நம்பர்:

மூணுமே தாங்காது சார். பசை வாங்குறதுக்கு முன்னாடி ஒரு டார்ச்சை எடுத்துக்கிட்டு பேசினுக்குக் கீழ படுத்துப் பாருங்க. ரெண்டு போல்ட்லயும் நட் தெரியும். 10 எம்எம் போல்ட்டுன்னா 17 நம்பர் ஸ்பேனர், 12 எம்எம்னா 19.

நட்டை மெதுவாத் திருப்புங்க. இறுகி, ஆட்டமும் நின்னுட்டா வேலை முடிஞ்சுது, மேல சிலிக்கான் போட்டா போதும். நட்டோட சேர்ந்து போல்ட்டும் சுத்துச்சுன்னா, இல்ல போல்ட்டைப் பிடிச்சு இழுத்தா முன்னபின்ன வந்துச்சுன்னா, சுவத்துக்குள்ள போல்ட்டைப் பிடிச்சிருக்கிற பிளக்கோட ஓட்டை பெருத்துப்போச்சுன்னு அர்த்தம். அப்போ கழற்றாம வழியில்ல.

இறுக்குறப்போ வேகம் வேணாம். பீங்கானுக்கும் இரும்பு வாஷருக்கும் நடுவுல நைலான் புஷ் (வளையம்) இருக்கணும். அது இல்லாம இறுக்கினா போல்ட் துளையிலிருந்து முடி மாதிரி ஒரு கீறல் கிளம்பும். கீறல் விட்ட பேசினை எதை வெச்சு ஒட்டினாலும் நம்பி கை ஊன்ற முடியாது, மாத்தத்தான் வேணும். ரெண்டு நட்டையும் மாத்தி மாத்தி, கால் சுத்து கால் சுத்தா இறுக்குங்க.

ரசமட்டம்:

பசை ஏன் தாங்காது என்பதற்கு ஒரு கணக்கு. ஒருவர் முன்விளிம்பில் கை ஊன்றி 50 கிலோ பாரம் கொடுக்கிறார் என்று வைப்போம். அந்த இடம் சுவரிலிருந்து 40 செ.மீ. தள்ளி இருக்கிறது. பேசினின் பின்புறக் கீழ்விளிம்பு சுவரில் முட்டுக்கொடுக்க, அதற்கு 10 செ.மீ. மேலே இருக்கும் போல்ட்டுகள் வெளியே இழுபடுகின்றன. 50 × 40 ÷ 10 = 200 கிலோ. பேசினின் சொந்த எடை இதில் சேரவில்லை. ஐரோப்பியத் தரமான இஎன் 14688, சுவர் பேசினுக்கு 1.5 கிலோநியூட்டன், அதாவது சுமார் 150 கிலோ பாரச் சோதனை கேட்பது சும்மா இல்லை.

அரால்டைட் அந்த இழுப்பைத் தாங்கிவிட்டாலும் அது பிடித்திருப்பது டைல்ஸின் வழுவழுப்பான முகத்தை. டைல்ஸைப் பிடித்திருப்பது பின்னாலுள்ள சாந்து. கடைசியில் பேசின் டைல்ஸையும் பெயர்த்துக்கொண்டு விழும். எம்-சீல் குழாய்க் கசிவை அடைக்கிற பொருள், அதற்கு இங்கே வேலை இல்லை. சிலிக்கான் ரப்பர் போல இழுபடும். தண்ணீரைத் தடுக்கும், பாரம் தாங்காது.

பாரத்தைப் போல்ட்டிடம் விடுங்கள், தண்ணீரைச் சிலிக்கானிடம் விடுங்கள்.

கொத்துக்கரண்டி:

வெள்ளை சிமெண்டை எல்லாரும் திட்டுறாங்க, அதுக்கும் ஒரு வேலை இருக்கு. சுவர் ரசமட்டத்துக்கு இல்லாம, டைல்ஸ் ஏறி இறங்கி இருந்தா பேசின் முதுகு ரெண்டு மூணு இடத்துலதான் தொடும். அப்படியே போல்ட்டை இறுக்கினா பீங்கான் நடுவுல வெடிக்கும். அதனால பேசின் முதுகுல வெள்ளை சிமெண்டைக் கெட்டியாக் குழைச்சு மெத்தை மாதிரி வெச்சு, லேசா அழுத்தி மாட்டி, அது காய்ஞ்ச பிறகு நட்டை இறுக்கணும். விளிம்புல மட்டும் தடவி விட்டா உதிரத்தான் செய்யும். அது காயும்போது சுருங்குற சரக்கு, வளையாது. பேசின் நூலளவு அசைஞ்சாலும் விரிசல்தான்.

ரசமட்டம்:

மெத்தை விஷயத்தை ஏற்கிறேன். ஒன்று சேர்க்க வேண்டும்: வெளியே 5 மி.மீ. ஆழத்துக்குச் சிமெண்டைச் சுரண்டிவிட்டுத்தான் சிலிக்கான் போட வேண்டும். புளித்த காடி வாசனை வரும் அசிட்டிக் வகைச் சிலிக்கான் சிமெண்டோடு ஒத்துப்போகாது. உலரும்போது அது விடும் அமிலம் சிமெண்டின் காரத்தோடு வினைபுரிந்து, ஒட்டிய முகமே தூளாகிவிடும். மார்பிளிலும் அதே கதை. கண்ணாடியின் பின்பூச்சையும் அரிக்கும். சிமெண்ட், மார்பிள், இரும்பு பிராக்கெட் எது அருகில் இருந்தாலும் நியூட்ரல் வகை வாங்குங்கள். பீங்கானும் டைல்ஸும் மட்டும் என்றால் இரண்டுமே ஒட்டும். எந்த வகையானாலும் பூஞ்சைத் தடுப்பு சேர்த்த சானிட்டரி கிரேடாக இருக்கட்டும். சாதாரணச் சரக்கு ஈரக் குளியலறையில் சீக்கிரமே கறுத்துப்போகும். அக்ரிலிக் சீலன்ட் பெயின்ட் வேலைக்கு. தண்ணீர் தேங்கும் இடத்துக்கு ஆகாது.

மாடிவீடு:

பார்த்துவிட்டேன். வலது நட் இறுகுகிறது. இடது போல்ட் நட்டோடு சுற்றுகிறது, இழுத்தால் ஒரு இன்ச் வெளியே வருகிறது. டைல்ஸைத் தட்டினால் அந்தப் பக்கம் டொக் டொக் என்று வெற்றுச் சத்தம். போல்ட் 10 எம்எம். பெரிய பிளக்காகப் போட்டு அடித்தால் போதுமா?

பதினேழாம்நம்பர்:

வெற்றுச் சத்தம் டைல்ஸுக்குப் பின்னாடி சாந்து இல்லாததாலயும் வரும், ஹாலோ பிளாக்காலயும் வரும். பேசினைக் கழற்றிட்டு ஓட்டைக்குள்ள ஒரு கம்பியை வளைச்சு விட்டுப் பாருங்க. நுனி எங்கயாவது கொக்கி மாதிரி மாட்டினா உள்ள பொந்து இருக்கு. ஹாலோ பிளாக்ல பெரிய பிளக் அடிச்சா பொந்தோட மெல்லிசு ஓடு உடைஞ்சு ஓட்டை இன்னும் பெருசாகும்.

கழற்றும் வரிசை: ஆங்கிள் காக்கை (சுவத்துல இருக்கிற தண்ணி வால்வு) மூடு, கனெக்‌ஷன் டியூப்பைக் கழற்று, கீழ பக்கெட் வெச்சு பாட்டில் டிராப்பை (கழிவுத் தண்ணி போற பாட்டில் மாதிரி பாகம்) கழற்று, கடைசியா நட். பேசினை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டே இருக்கணும்.

ரசமட்டம்:

கெமிக்கல் ஆங்கர்தான் இதற்கு வழி: இரண்டு மருந்து கலந்து இறுகும் பசையை ஓட்டைக்குள் விட்டு, அதில் கம்பியைப் பதிப்பது. சீலன்ட் கன்னில் போட்டு அழுத்தும் டியூப்களும் கிடைக்கின்றன.

கெட்டிச் செங்கல் என்றால்: இப்போதிருக்கும் 14 எம்எம் ஓட்டையே போதும். ஆழம் 85 முதல் 90 மி.மீ. நாலரை இன்ச் சுவர் என்றால் அதற்கு மேல் போகாதீர்கள், மறுபக்கம் பூச்சு பெயரும். ஊது, பிரஷ்ஷால் தேய், மறுபடி ஊது. இதை இரண்டு முறை செய்யுங்கள். தூசியில் போட்ட மருந்து தூசியைத்தான் பிடிக்கும், செங்கல்லை அல்ல. ஆங்கர் கழன்று வருவது பெரும்பாலும் இந்த ஊதும் வேலையைச் சோம்பலில் விட்டவர்களுக்குத்தான்.

ஹாலோ பிளாக் என்றால்: 16×85 பிளாஸ்டிக் சல்லடைக் குழல் வாங்குங்கள். 16 எம்எம் பிட்டில், டிரில்லின் ஹேமரை நிறுத்திவிட்டு வெறும் சுழற்சியில் துளையிடுங்கள். குழலைச் செருகி, உள்கோடியிலிருந்து நிரப்பிக்கொண்டே நாசிலை வெளியே இழுங்கள். போல்ட்டாக நிற்கப்போகும் மரைக்கம்பி உள்ளே போகும்போது மருந்து சல்லடைக் கண்கள் வழியே பிதுங்கி, பொந்துக்குள் முடிச்சுப் போல இறுகும்.

நாசிலில் முதலில் வரும் 10 செ.மீ. அளவு மருந்தைக் காகிதத்தில் விட்டு எறியுங்கள். நிறம் சீராக வரும்வரை இரண்டு மருந்தும் சரியாகக் கலக்கவில்லை என்று பொருள். 10 எம்எம் மரைக்கம்பியைச் சுற்றிக்கொண்டே செருகுங்கள். நம் ஊர் வெயிலில் சில நிமிடங்களிலேயே கெட்டிப்படத் தொடங்கும். கம்பி பேசின் துளைக்கு நேராக நிற்கிறதா என்பதை அதற்குள் பார்த்துவிட வேண்டும். பிறகு டியூப்பில் போட்டிருக்கும் நேரம் வரை கம்பியைத் தொடக்கூடாது. வலது போல்ட்டையும் இப்படியே செய்துவிடுங்கள். ஒன்று பிளக், ஒன்று ஆங்கர் என்றால் பாரம் முழுக்க ஆங்கர் பக்கம் சாயும்.

கொத்துக்கரண்டி:

சிலிக்கான் கடைசி வேலை, நட் இறுக்கின பிறகுதான். பழைய சிமெண்டு, பழைய சிலிக்கான் பிசிறு எல்லாம் பிளேடால சுரண்டிடுங்க. பழசு மேல புதுசு ஒட்டாது. ஸ்பிரிட்டுல துடைச்சு, ராத்திரி முழுக்கக் காயவிடுங்க. இடைவெளிக்கு மேலயும் கீழயும் மாஸ்கிங் டேப். நாசிலை 45 டிகிரி சாய்ச்சு 5 எம்எம் வாய்க்கு வெட்டி, நிறுத்தாம ஒரே இழுப்பு. சோப்புத் தண்ணி தொட்ட விரலால ஒரு தடவை நீவி, ஆடை படியுறதுக்குள்ள டேப்பை உரிச்சிடணும். 24 மணி நேரம் தண்ணி படக்கூடாது.

மேலயும் ரெண்டு பக்கமும் மட்டும் அடைங்க. கீழ்விளிம்பை விட்டுடுங்க. என்னைக்காவது பின்னாடி கசிஞ்சா அந்த வழியாச் சொட்டித் தெரியும். நாலு பக்கமும் அடைச்சா தண்ணி சுவத்துக்குள்ள ஊறி அடுத்த ரூம்ல பெயின்ட் உப்பும்.

ரசமட்டம்:

அளவும் பார்த்துக்கொள்ளுங்கள். 85 செ.மீ. நீளத்துக்கு 6 மி.மீ. பட்டை போட்டால் சுமார் 15 மி.லி. செலவாகும். 280 மி.லி. டியூப் தேவையே இல்லை, கையால் பிதுக்கும் சிறிய டியூப் போதும். காலாவதித் தேதி முக்கியம்: பழைய சரக்கு நாள்கணக்கில் பிசுபிசுப்பாகவே இருக்கும், உலராது.

மாடிவீடு:

பொந்துதான், கம்பி மாட்டுகிறது. சல்லடைக் குழல் வாங்குகிறேன். கீழே அரை பெடஸ்டல் வைத்தால் கூடுதல் தாங்குதலா?

பதினேழாம்நம்பர்:

இல்ல சார். அரை பெடஸ்டல் பாட்டில் டிராப்பை மறைக்கத்தான், அதுவே சுவத்துல தொங்குற சாமான். தரையில நிக்கிற முழு பெடஸ்டல்தான் கொஞ்சம் பாரம் வாங்கும். அதுக்கும் உங்க பேசின் உயரம் ஒத்து வரணும், இல்லேன்னா நடுவுல ஆப்பு வைக்க வேண்டி வரும். திரும்ப மாட்டுறப்போ வேஸ்ட் பைப் பேசினைப் பக்கவாட்டுல இழுக்காம, தானா டிராப்புல போய் உட்காருதான்னு பாத்துக்குங்க.