அறுவைச் சிகிச்சைக்குப் பின் செவலை கேட்ட வீணை

காவேரிப்பட்டினத்தில் நெடுஞ்சாலையை ஒட்டியே எங்கள் வீடு உள்ளது. எட்டு வயதான எங்கள் நாட்டு நாய் செவலைக்குக் கடந்த ஆனி மாதம் கருப்பையில் சீழ் பிடித்ததால், அறுவைச் சிகிச்சை செய்து கருப்பையை அகற்ற வேண்டியதாயிற்று. மாங்காய் ஏற்றிய லாரிகள் இரவு பகலாக ஓடும் பருவம் அது. ஒவ்வொரு ஹார்ன் சத்தத்துக்கும் அவள் திடுக்கிட்டு எழ முயன்றபோதெல்லாம், வயிற்றுத் தையல் பிரிந்துவிடுமோ என்று எனக்கு நெஞ்சு பதறியது.

என் மகள் வீணை பயில்கிறாள். அவள் வாசித்துப் பதிவு செய்திருந்ததை, பக்கத்து அறைக்குக் கேட்காத அளவு மெதுவாகச் செவலையின் அருகே ஒலிக்கவிட்டோம். முதல் நாள் மாலை அரை மணி நேரத்தில் தலையைச் சாய்த்து உறங்கினாள். மறுநாள் இரவு அதே இசை ஒலித்தும் மூச்சிரைத்தபடி, இடம் மாறி மாறிப் படுத்துக்கொண்டே இருந்தாள். இன்னும் சற்று நேரம் கேட்டால் அடங்கிவிடுவாள் என்று விடியும்வரை காத்திருந்தேன். அது என் தவறு. காலையில் அவள் படுத்திருந்த சாக்கை உதறியபோது, வலி நிவாரண மாத்திரை சோற்றுப் பருக்கைகளோடு கீழே கிடந்தது. மருத்துவரிடம் சொல்லி, அவர் கூறியபடி மாத்திரையைக் கொடுத்த பிறகுதான் அமைதியானாள். உறங்கும் நாய் நிமிடத்துக்கு 30 முறைக்குள் மூச்சு விடுவதே இயல்பு. அன்று காலை 44 என்று எண்ணிய எனக்கு, மாலையில் வீணை ஒலிக்கையில் 24 என்று எண்ணியபோதுதான் உயிர் வந்தது. வலி தணியாத உடலுக்கு இசையால் எதுவும் செய்ய இயலாது. நாம் விழுங்கும் இபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகளை மட்டும் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். அவை நாய்களுக்கு நஞ்சு.

நான்காம் நாள் அவள் அந்தப் பதிவைப் பொருட்படுத்தவே இல்லை. காப்பகத்து நாய்களிடம் பெல்ஃபாஸ்ட் ஆய்வாளர்கள் நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வில், மேற்கத்தியச் செவ்வியல் இசை ஒலித்தபோது அவை அதிக நேரம் படுத்து ஓய்வெடுத்தன. இரைச்சல் மிகுந்த ஹெவி மெட்டல் இசை ஒலித்தபோது அதிகம் குரைத்தன. ஆனால் ஒரே வகை இசை சில நாள்களில் பழகிவிடுகிறது என்பதைக் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்னர் கண்டார்கள். 2017இல் வெளியான அவர்களது ஆய்வில் சாஃப்ட் ராக், ரெகே உள்ளிட்ட ஐந்து வகைகளை மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்தார்கள். நாங்களும் புல்லாங்குழல், தாலாட்டு என நாளுக்கு ஒன்றாக மாற்றியதும் செவலை மீண்டும் காது கொடுத்தாள்.

பாலக்கோட்டிலிருந்து ஒருவர்:

அம்மா, உங்கள் அனுபவத்தோடு என்னுடையதையும் சேர்த்துக்கொள்கிறேன். கால் எலும்பு முறிந்து தகடு வைத்த எங்கள் சிப்பிப்பாறை நாய்க்கு, காயத்தைத் துடைத்துக் கட்டு மாற்றும் நேரத்தில் மட்டுமே நாதஸ்வர இசையை ஒலிக்கவிட்டோம். ஒரு வாரத்தில், அந்த இசை தொடங்கியதுமே அவன் கட்டிலுக்கடியில் பதுங்கத் தொடங்கினான். வலி வரப்போகிறது என்பதற்கு அதுவே அவனுக்கு அறிகுறியாகிவிட்டது. அவன் உண்டு முடித்துப் படுக்கும் நேரத்துக்கு வேறோர் இசையை வைத்த பிறகே அச்சம் தெளிந்தான். சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள், அதற்கு முன்பே சில நாள்கள் அவ்வாறு பழக்கிவிடுங்கள்.

காவேரிப்பட்டினம்:

ஐயா, நீங்கள் கூறியதை முன்பே அறிந்திருந்தால் நானும் முன்கூட்டியே தொடங்கியிருப்பேன். செவலைக்குப் பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்தார்கள். காயம் நன்றாகக் கூடியிருந்தது. இப்போது மகள் வீணையை எடுத்தாலே, செவலை தன் சாக்கை வாயால் இழுத்துக்கொண்டு அருகில் வந்து படுக்கிறாள்.