பழைய ரோலண்ட் ரிதம் பாக்ஸ்: காதில் கேட்கும் கிக் ரெக்கார்டிங்கில் வரவில்லை

உசிலை_ரிதம்:

அப்பா முப்பது வருடம் லைட் மியூசிக் கச்சேரிகளில் ரிதம் வாசித்தவர். உசிலம்பட்டி, செக்கானூரணி, சோழவந்தான் பக்கத்துக் கோயில் திருவிழா மேடைகள்தான் பெரும்பாலும். அவரிடம் டிரம்ஸ் சத்தங்களை வாசிக்கும் ரிதம் பாக்ஸ், ரோலண்ட் டிஆர்-505 ஒன்று இருக்கிறது. 1986-இல் வந்த மாடல். அப்பா 1991-இல் இன்னொரு பார்ட்டிக்காரரிடம் பழசாக வாங்கினார். கச்சேரிக்குப் போவதை நிறுத்திப் பத்து வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அதைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பேட்டரி மாற்றிவிடுவார். அதனால் அவர் போட்டு வைத்த பேட்டர்ன் (தாள அடிகளின் வரிசை) எல்லாம் அப்படியே இருக்கிறது. மொத்தம் 39. மேடையில் தவில் இல்லாத நாட்களில், லோ டாம், ரிம்ஷாட் என்ற டிரம்ஸ் சத்தங்களை வைத்து அவரே கட்டிய அடிகள் அதில் இருக்கின்றன. அவருக்கு இப்போது 71 வயது, கை நடுங்குகிறது. திரும்பப் போட்டுத் தரச் சொல்ல முடியாது.

இவற்றை லேப்டாப்பில் பதிவு செய்ய வேண்டும். நண்பனிடம் இரண்டு இன்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியை லேப்டாப்புக்குள் கொண்டுபோகும் பெட்டி) ஒன்றை இரவல் வாங்கி, ஆடாசிட்டி என்ற பதிவு மென்பொருளில் எடுத்துப் பார்த்தேன். டாம் வருகிறது, சிம்பல் வருகிறது. கிக்கும் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) ஸ்நேரும் (பட்டென்று ஒலிக்கும் சின்ன டிரம்) மட்டும் எங்கோ கிணற்றுக்குள் கேட்பதுபோல் இருக்கின்றன. கிக் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அதே பேட்டர்னை மெஷினில் ஹெட்போன் செருகிக் கேட்டால் கிக் நெஞ்சில் இடிக்கிறது. டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் காட்டினேன். ஐசி போய்விட்டது, இனி பார்ட்ஸ் கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள். ஐசி போயிருந்தால் ஹெட்போனில் மட்டும் எப்படிக் கேட்கும்? இரண்டு நாளாக இதே யோசனைதான்.

மாட்டுத்தாவணி77:

லேப்டாப் ஸ்பீக்கரில் கேட்டீர்களா? சின்ன ஸ்பீக்கரில் கிக் வராது.

உசிலை_ரிதம்:

இல்லை, பதிவையும் அதே ஹெட்போனில்தான் கேட்டேன். ஆடாசிட்டியில் அலையைப் பெரிதாக்கியும் பார்த்தேன். கிக் விழ வேண்டிய இடத்தில் கோடு தட்டையாகவே இருக்கிறது.

செல்லூர்_மைக்செட்:

தம்பி, மெஷினின் எந்த ஓட்டையிலிருந்து வயர் எடுத்தீர்கள்? இன்டர்ஃபேஸில் போய்ச் செருகும் பின்னில் கறுப்பு வளையம் ஒன்றா, இரண்டா? அதை முதலில் சொல்லுங்கள். மெஷினைத் திறக்க வேண்டாம்.

உசிலை_ரிதம்:

ஹெட்போன் ஓட்டையிலிருந்துதான் எடுத்தேன் அண்ணே. மீனாட்சி பஜாரில் வாங்கிய ஸ்டீரியோ கேபிள். பின்னில் வளையம் இரண்டு. இன்டர்ஃபேஸில் முதல் இன்புட்டில் செருகியிருக்கிறேன்.

திருநகர்_கீபோர்டு:

அப்படியென்றால் உங்கள் மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை, நிம்மதியாக இருங்கள். நானும் ஒரு பழைய கீபோர்டை வைத்துக்கொண்டு இதே இடத்தில் ஒரு வாரம் தவித்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஹெட்போன் ஓட்டையில் வருவது ஸ்டீரியோ. பின்னின் நுனியில் இடது பக்கம், நடு வளையத்தில் வலது பக்கம், அடியில் கிரவுண்ட். இன்டர்ஃபேஸின் இன்புட்டும் அதே மூன்று பாகம் உள்ள பின்னை ஏற்கும், ஆனால் அதை ஸ்டீரியோ என்று நினைத்துக்கொள்ளாது. அது பேலன்ஸ்டு மோனோ இன்புட். நுனியில் வருவதிலிருந்து வளையத்தில் வருவதைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். நீளமான மைக் வயரில் இரண்டு கம்பியிலும் ஒரேபோல ஏறும் இரைச்சலை அடித்துவிடுவதற்காகச் செய்த ஏற்பாடு அது. அந்த வேலைக்கு அருமையானது.

உங்கள் விஷயத்தில் அது இடதிலிருந்து வலதைக் கழித்துக்கொண்டிருக்கிறது. நடுவில் ஒலிக்கும் கிக்கும் ஸ்நேரும் இரண்டு பக்கமும் ஒரே அளவில் வருகின்றன. பத்தில் பத்து போனால் என்ன மிஞ்சும்? டாமும் சிம்பலும் ஓரம் தள்ளி வைக்கப்பட்டவை. ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைய வருவதால் அவை தப்பித்துவிடுகின்றன. கிக் அரைகுறையாகக் கேட்பது, இரண்டு பக்கத்துக்கும் இடையே மயிரிழை வித்தியாசம் இருப்பதால்.

நம்பிக்கை வர ஒரு சோதனை: ஹெட்போனில் ஒரு காதை மட்டும் வைத்துக் கேளுங்கள், பிறகு மறு காது. கிக் இரண்டிலும் ஒரேபோல இருக்கும், டாம் மாறும்.

செய்ய வேண்டியது இதுதான். ஹெட்போன் ஓட்டையை விட்டுவிடுங்கள். பின்பக்கம் அவுட்புட் இரண்டு இருக்கும், ஒன்றில் எல் என்றும் மோனோ என்றும் போட்டிருக்கும், மற்றது ஆர். ஒற்றை வளையப் பின் உள்ள சாதாரண கிடார் கேபிள் இரண்டு வாங்கி, ஆளுக்கொரு இன்புட்டில் செருகுங்கள். இன்புட்டை மைக்கில் வைக்காமல் லைனில் வையுங்கள். மெஷின் வால்யூமை முக்கால் வரை ஏற்றி, இன்டர்ஃபேஸ் கெயினை (உள்ளே வரும் ஒலியை ஏற்றும் அளவு) குறைவாக வைத்து, உச்சம் மைனஸ் 6 டெசிபல் தாண்டாமல் பாருங்கள். பதிவான பிறகு ஒரு தடத்தை முழு இடதிலும் மற்றதை முழு வலதிலும் வைத்தால் அப்பா கேட்ட அதே விரிவு வரும். கேபிள் ஒன்றுதான் கிடைத்தது என்றால் எல்-இல் மட்டும் செருகுங்கள். எல்லாம் மோனோவில் சேர்ந்து வரும், எதுவும் காணாமல் போகாது.

இன்னொன்று. இதில் மிடி அவுட் இருக்கிறது. மிடி என்பது ஒலி அல்ல, எந்த அடி எப்போது விழுகிறது என்ற குறிப்பு. ஒலியோடு சேர்த்து அதையும் பதிவு செய்யுங்கள். நாளைக்கு மெஷினே போனாலும் அப்பா எந்த அடியை எங்கே வைத்தார் என்பது தங்கும். அந்தப் பேட்டரி மெமரியை நம்பி இனி ஒரு வருடம் தள்ளிப்போடாதீர்கள்.

உசிலை_ரிதம்:

அண்ணே, வந்துவிட்டது! ஒரே வயரை எல்-இல் செருகியதும் கிக் வந்துவிட்டது. பிறகு இன்னொரு கேபிள் வாங்கிவந்து இரண்டு பக்கமும் எடுத்தேன். அப்பாவைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, தொடையில் தாளம் போட்டார். ஏழாவது பேட்டர்ன் வந்ததும் நிறுத்தச் சொல்லி, "இது சோழவந்தான் வைகாசித் திருவிழாவுக்குப் போட்டது, இன்னும் கொஞ்சம் வேகமாக ஓட்டு" என்றார். ஓட்டி எடுத்துவிட்டேன்.

ஆனால் இப்போது அடியில் ஒரு "ம்ம்ம்" கேட்கிறது. நேற்று மின்வெட்டில் இன்வெர்ட்டரில் ஓடியபோது அதுவே "ர்ர்ர்" என்று கரகரத்தது. ஆடாசிட்டியில் இரைச்சலைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டால் சிம்பலின் வால் வெட்டுப்படுகிறது.

செல்லூர்_மைக்செட்:

நாய்ஸ் ரிடக்‌ஷன் வேண்டாம் தம்பி. மெஷினில் உள்ள பழைய சாம்பிளுக்கே (பதிவு செய்து வைத்த டிரம்ஸ் ஒலி) உரிய சொரசொரப்பையும் அது சேர்த்துத் தின்றுவிடும். நோயை அது வரும் இடத்திலேயே பிடிக்கலாம்.

"ம்ம்ம்" என்பது கரண்டின் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். அந்த நிமிடமே நின்றால், லேப்டாப்புக்கும் மெஷின் அடாப்டருக்கும் நடுவே ஆடியோ வயர் வழியாக ஒரு சுற்று உண்டாகியிருக்கிறது என்று அர்த்தம். லேப்டாப்பை அதன் பேட்டரியில் ஓட்டுங்கள், மெஷினையும் அடாப்டரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். அதைவிடச் சுத்தமான சப்ளை வீட்டில் கிடையாது. சில இன்வெர்ட்டர்களில் அலை சதுரமாக வரும், அந்தக் கரகரப்பு அதனால்தான். அந்த நேரம் அடாப்டரில் ஓட்டிப் பதிவு செய்யாதீர்கள்.

மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை எடுத்துவிட்டால் சத்தம் போகும் என்று யாராவது சொல்வார்கள். மேடையில் மைக்கைப் பிடித்தவர் ஷாக் அடித்து விழுவதைப் பார்த்தவன் நான். அதை மட்டும் செய்துவிடாதீர்கள்.

உசிலை_ரிதம்:

சார்ஜரைக் கழற்றியதுமே பாதி போனது. மெஷினையும் பேட்டரிக்கு மாற்றினேன், முழுவதும் அடங்கிவிட்டது. மிடியும் சேர்த்தே எடுக்கிறேன். எட்டு முடிந்தது, இன்னும் 31 இருக்கிறது. லேப்டாப் பேட்டரி ஒன்றரை மணி நேரம்தான் நிற்கும் என்பதால் இரவில் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கிறேன். அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எந்த அடி எந்த ஊருக்கு என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். ஃபைல்களுக்கு ஊர்ப் பெயரையே வைத்து வருகிறேன்.