ஒயின் செய்கிறவரை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்: நான் பார்த்தது சுருளிப்பட்டியில்

பழமண்டி, மாட்டுத்தாவணி:

ஒயின் குடித்த கதைகள் இங்கே நிறைய வந்துவிட்டன. அதைச் செய்கிறவரைப் பற்றி யாரும் எழுதிப் பார்க்கவில்லை. அப்படி ஒருவரைப் பக்கத்தில் இருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது, அதைச் சொல்கிறேன். உங்களுக்கும் அப்படி யாரையாவது தெரிந்திருந்தால் கீழே சேர்த்துவிடுங்கள்.

எங்களுக்கு மாட்டுத்தாவணியில் பழக் கமிஷன் கடை. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து பன்னீர் திராட்சை வருஷம் முழுக்க வரும். பெட்டி இறங்கியதும் கொத்தைத் தூக்கிப் பார்ப்போம். காம்பு பச்சையாக இருக்க வேண்டும், பழம் உதிரக் கூடாது, தோல் மேல் இருக்கும் சாம்பல் பூச்சு கை பட்டு அழிந்திருக்கக் கூடாது. இவ்வளவுதான் பார்ப்போம், விலை சொல்லிவிடுவோம்.

ஒரு சித்திரைத் திருவிழா சமயத்தில் ஒரு பெண் கடைக்கு வந்தார். சொந்த ஊர் திருமங்கலம். நாசிக் பக்கம் ஒரு சின்ன ஒயினரியில் ஒயின் தயாரிப்பவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் தங்கச்சி என்றே எழுதுகிறேன். ஒரு பழத்தை வாயில் போட்டு, மென்று, விதையைக் கையில் துப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது எந்தத் தோட்டத்துப் பழம்னு சொல்ல முடியுமா?" என்றார். எந்த ஊர்ப் பழம் என்று கேட்பவர்கள் உண்டு. தோட்டத்தைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். எனக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்துப்போனது. மறுநாள் காலையிலேயே உசிலம்பட்டி, தேனி வழியாகச் சுருளிப்பட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

பந்தலுக்குள் நுழைந்ததும் அவர் கொத்தை முழுசாகப் பறிக்கவே இல்லை. ஒரு கொத்தின் தோளில் ஒரு பழம், நுனியில் ஒரு பழம், வெயில் விழும் ஓரத்துக் கொடியில் ஒன்று, நடுவே இருட்டாக இருக்கும் இடத்தில் ஒன்று என்று பந்தல் முழுக்க நடந்து ஒரு பிளாஸ்டிக் பையில் சேர்த்தார். பையோடு கசக்கி, சாற்றில் ஒரு சொட்டை, சர்க்கரை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் கண்ணாடியில் விட்டு, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். பிரிக்ஸ் 17 காட்டியது. சாற்றில் நூற்றுக்குப் பதினேழு பங்கு சர்க்கரை என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பிரிக்ஸுக்குச் சுமார் 0.55 சதவீதம் ஆல்கஹால் என்பது அவர்கள் கணக்கு. அப்படியானால் இந்தப் பழத்தில் 9 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். அவருக்கு 20 பிரிக்ஸாவது வேண்டும்.

சர்க்கரையை விட விதையைத்தான் அவர் அதிகம் நம்பினார். விதை பச்சையாக இருந்தால் துவர்ப்பு நாக்கைப் பிடிக்கும். பழுப்பாகி, கடித்தால் நொறுங்க வேண்டுமாம். பல் போன வயசிலும் இந்த வேலை பார்க்க முடியுமா என்று தோட்டக்காரர் உண்மையான அக்கறையோடு கேட்டார். "பல்லு போனா விரல்ல நசுக்கிப் பார்ப்பேன் அண்ணே" என்றார்.

அப்புறம் புளிப்பு. நாசிக்கில் ஏப்ரலில் ஒரு கவாத்து, அதாவது கொடியை வெட்டிவிடுவது, அக்டோபரில் ஒரு கவாத்து. பழம் குளிர்காலத்தில் முற்றி ஜனவரி முதல் மார்ச்சுக்குள் அறுவடைக்கு வரும். ராத்திரி குளிர்ந்தால் பழத்தில் புளிப்பு தங்கும். கம்பத்தில் கோடை ராத்திரி சூடு குறையாது. பழம் மூச்சு விடும்போது, புளிப்பைத் தரும் மாலிக் அமிலத்தையும் சேர்த்து எரித்துவிடும். இனிப்பு ஏறும்வரை காத்திருந்தால் புளிப்பு இறங்கிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு நாளைப் பிடிக்க வேண்டும், அந்த நாள் ஒவ்வொரு தோட்டத்துக்கும் வேறு. பெரிய ஆலைகள் பல தோட்டத்துச் சாற்றையும் கலந்து சமன் செய்துவிடுவார்கள், வருஷா வருஷம் ஒரே ருசி வரும். அதிலும் தப்பில்லை, அதற்கும் பெரிய திறமை வேண்டும் என்று அவரே சொன்னார். ஆனால் அவருக்கு ஒரு தோட்டம், ஒரு அறுவடை, ஒரு தொட்டி போதும். அந்த வருஷத்து மழையும் வெயிலும் பாட்டிலுக்குள் தெரிந்தால்தான் அவருக்குத் திருப்தி.

தோட்டக்காரர் சம்மதித்தார். தண்ணீரைக் குறைத்து, கூடுதல் நாள் கொடியிலேயே விட்டு, அரை டன் மட்டும் விடியற்காலையில் பறித்துக் குளிர்சாதன வண்டியில் ஏற்றினோம். ஒயினுக்கு ஒரு டன் பழத்தில் 600, 700 லிட்டர் கிடைக்கும். அரை டன்னுக்கு 750 மில்லி பாட்டில் 400 சொச்சம்தான். இதற்கு இவ்வளவு பாடா என்று எனக்கு அப்போது தோன்றியது உண்மை.

அடுத்த பிப்ரவரியில் விதையில்லாத் திராட்சை வாங்க நாசிக் போனபோது அவருடைய இடத்துக்கும் போனேன். கம்பத்துச் சாற்றை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார். முதல் பாதியில் பழத்தோலைச் சில மணி நேரம் மட்டும் ஊறவைத்துப் பிழிந்து, 15 டிகிரிக்குப் பக்கத்தில் மெதுவாக நொதிக்க விட்டது. சூடு ஏறினால் கரியமில வாயு பொங்கும்போது வாசனையும் அதோடு போய்விடுமாம். நிறம் இளஞ்சிவப்பு. மறுபாதி தோலோடும் விதையோடும் நொதித்தது. மேலே மிதந்து வரும் தோலைத் தினமும் இரண்டு மூன்று வேளை கட்டையால் அமுக்கிவிட்டிருக்கிறார். பன்னீர் திராட்சைத் தோலில் சாயம் குறைவு, அதனால் அடர்சிவப்பு வரவில்லை. சாயம் கூட்ட வேறு பழம் எதையும் அவர் சேர்க்கவில்லை.

அவருடைய நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். தமிழில் எழுதியிருந்தார். 'காலை: ரோஜா. மாலை: ரோஜா குறைவு, கொய்யா.' இரண்டு நாள் தள்ளி, 'அவித்த முட்டை வாடை. ஈஸ்டுக்குத் தீனி போதவில்லையா? காற்றுப் படும்படி மாற்றி ஊற்றினேன்.' அதற்கும் கீழே, 'வாடை போய்விட்டது. ரோஜா திரும்பவில்லை. காத்திருக்கிறேன்.' பக்கம் பக்கமாக இப்படித்தான். கெட்டதைத்தான் முதலில் எழுதுவாராம்.

லேபிளில் என்ன எழுதுவது என்று முடிவு செய்யும் வேலை அன்றைக்குத்தான் நடந்தது. மூடிபோட்ட கண்ணாடி டம்ளர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் வாசனையில்லாத சாதாரண ஒயின் கொஞ்சம், அதில் ஒரு பொருள்: ஒன்றில் கொய்யாத் துண்டு, ஒன்றில் பன்னீர் ரோஜா இதழ், ஒன்றில் மல்லி மொட்டு, ஒன்றில் ஏலக்காய், ஒன்றில் கருப்பட்டி. 1984-இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஆன் நோபிள் என்ற பேராசிரியை ஒயின் வாசனைகளை ஒரு சக்கரமாக வரைந்து வகைப்படுத்தினார் என்றும், இப்படிப் பொருளைப் போட்டு மோந்து பழகும் முறை அவர் சொல்லிக்கொடுத்தது என்றும் தங்கச்சி விளக்கினார். அந்தச் சக்கரத்தில் இருக்கும் பழங்களில் பாதியை நம்மூரில் யாரும் கண்டதில்லை. அதனால் அவர் தன் டம்ளர்களில் நாவல் பழமும் புளியும் வைத்துக்கொள்கிறார்.

என்னோடு சேர்த்து ஐந்து பேர் மோந்தோம். முதலில் டம்ளர்கள், அப்புறம் ஒயின். யாரும் யாரிடமும் பேசக் கூடாது, தாளில் எழுதித் தர வேண்டும். ஒரு வாய் வைத்துத் துப்பிவிடுவதுதான் அங்கே முறை. கொய்யா என்று ஐந்து பேரும் எழுதியிருந்தோம். ரோஜா நான்கு பேர். மல்லி என்று எழுதியது மூன்று பேர், அதில் நானும் ஒருவன்.

நான் சொன்னேன், "தாயி, மதுரை மல்லி வாசம்னு போடு. ஊர்ப் பேரும் வரும், பாட்டிலும் பறக்கும்." அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "ரெண்டு பேருக்குத் தெரியலையேண்ணே. மல்லின்னு படிச்சுட்டு வாங்குறவுங்க அது தெரியாம ஏமாந்தா, அடுத்து நான் எழுதுற எதையும் நம்ப மாட்டாங்க" என்றார். கடைசியில் முதல் தொட்டிக்கு எழுதியது இதுதான்: 'கொய்யா, அதன் பின்னால் பன்னீர் ரோஜா. இனிப்பு இல்லை. குளிரவைத்துக் குடிக்கவும். இரண்டு வருடத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.' தோலோடு நொதித்த தொட்டிக்கு: 'நாவல், கொஞ்சம் புளி. முடிவில் கட்டன் சாயாவின் துவர்ப்பு உண்டு. பிடிக்காதவர்கள் முதல் ஒயினை வாங்கவும்.'

தன் சரக்கின் துவர்ப்பைத் தானே லேபிளில் போட்டு, வேண்டாதவர்களை வேறு பாட்டிலுக்கு அனுப்பும் ஒருவரை வியாபாரத்தில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

காமயகவுண்டன்பட்டி:

அண்ணே, நாங்களும் பன்னீர்தான் போட்டிருக்கோம். உங்கள் தங்கச்சி சுருளிப்பட்டியில் காசு எப்படிக் கொடுத்தார் என்று எழுதவில்லையே, எங்களுக்கு அதுதான் முக்கியம். கூடுதல் நாள் கொடியில் விட்டால் பழம் சுண்டும், எடை குறையும். கிலோ கணக்கில் விற்கிறவனுக்கு நஷ்டம். மழை பெய்தால் பழம் வெடிக்கும், அதுவும் எங்கள் தலையில்.

சில வருஷம் முன்னால் ஒருவர் ஒயினுக்கு என்று சொல்லி எங்களைக் காத்திருக்கச் சொன்னார். மழை வந்தது, பழம் வெடித்தது, அவர் போனையே எடுக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு ஐந்து மகசூல் எடுக்கிற பூமி இது, ஒன்று தள்ளிப்போனால் அடுத்த கவாத்தும் தள்ளிப்போகும். 2023-இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது சந்தோஷம்தான். அந்தப் பெயருக்கு ஏற்ற விலை தோட்டத்துக்கும் வர வேண்டும்.

இன்னொன்று. அந்த முட்டை வாடை என்று நோட்டில் எழுதியிருந்தாரே, கடைசியாகக் கந்தகம் எப்போது அடித்தது என்று கேட்டாரா? சாம்பல் நோய்க்கு நாங்கள் நனையும் கந்தகம் அடிப்போம். அறுவடைக்கு நெருக்கத்தில் அடித்தால் அது தோலில் தங்கி, நொதிக்கும்போது அந்த வாடையைக் கொடுக்கும் என்று ஆனைமலையன்பட்டி திராட்சை ஆராய்ச்சி நிலையத்துக்குப் போயிருந்தபோது பேச்சுவாக்கில் காதில் விழுந்தது.

கெமிஸ்ட்ரி டீச்சர், பசுமலை:

மல்லி என்று எழுதிய மூன்று பேரின் மூக்கும் நல்ல மூக்கு. மஸ்கட் வகைத் திராட்சைகளின் வாசனைக்கு முக்கியக் காரணம் லினலூல், ஜெரானியால் போன்ற டெர்ப்பீன்கள் என்னும் வாசனைப் பொருட்கள். பன்னீர் திராட்சை என்பது மஸ்கட் ஹாம்பர்க். லினலூல் மல்லிகையிலும் இருக்கிறது, ஜெரானியால் ரோஜாவில் உண்டு. பழத்தில் இவற்றில் ஒரு பங்கு சர்க்கரை மூலக்கூறோடு கட்டுண்டு கிடக்கும், அந்த நிலையில் மணக்காது. நாளாக ஆகக் கட்டு அவிழ்ந்து வெளியே வரும். 'ரோஜா திரும்பவில்லை, காத்திருக்கிறேன்' என்று அவர் எழுதியதற்கு அர்த்தம் இருக்கிறது. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இந்த டம்ளர் சோதனையை ஒயின் இல்லாமல் தண்ணீரில் செய்து காட்டப் போகிறேன், ரொம்ப நன்றி.

கிழக்கு வெளி வீதி:

எங்கள் பெரியப்பா ஒரு குருமடத்தில் பிரதராக இருந்தவர். பூசைக்கான ஒயின் செய்யும் பொறுப்பு பல வருஷம் அவரிடம் இருந்தது. திருச்சபைச் சட்டப்படி பூசை ஒயின் திராட்சையிலிருந்து வந்த இயற்கையான ஒயினாக இருக்க வேண்டும், கெட்டுப்போயிருக்கக் கூடாது. கிறிஸ்துமஸுக்கு வீடுகளில் போடும் பட்டை, கிராம்பு, கோதுமை எதற்கும் அங்கே இடம் கிடையாது. ஜாடி கழுவுவதைப் பார்த்தால் ஆபரேஷன் தியேட்டர் ஞாபகம் வரும். பழ ஈ ஒன்று உள்ளே போனாலும் காடியாகிவிடும் என்று மல் துணியை இரண்டாக மடித்துக் கட்டுவார், ஊறுகாய்க்கு வைத்திருக்கும் வினிகர் பாட்டிலை அந்த அறைப் பக்கமே கொண்டுபோக விடமாட்டார்.

கொய்யா, ரோஜா என்றெல்லாம் அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு சொட்டை நாக்கில் வைத்து, கொஞ்ச நேரம் கண்ணை மூடி, 'ஆகும்' அல்லது 'ஆகாது' என்பார். ஆகாது என்று சொன்ன ஜாடியை அன்றைக்கே கொட்டிவிடுவார், பெரிய சாமியாரே கேட்டாலும் பேச்சு மாறாது. மல்லி போட மாட்டேன் என்று உங்கள் தங்கச்சி சொன்னதைப் படித்தபோது பெரியப்பா முகம்தான் முன்னால் வந்தது.

திண்டுக்கல்:

படிக்கும்போதே ஆசையாக இருக்கிறது. வீட்டில் பத்துக் கிலோ வாங்கிச் செய்து பார்க்கலாமா?

பழமண்டி, மாட்டுத்தாவணி:

திண்டுக்கல் தம்பிக்கு: வேண்டாம். தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம், வீட்டு உபயோகத்துக்கு என்று சொன்னாலும் செல்லாது. அதோடு, நொதிக்கும் சாற்றை மூடி இறுக்கி வைத்தால் வாயு ஏறிப் பாட்டில் வெடிக்கும்.

காமயகவுண்டன்பட்டி அண்ணனுக்கு: கிலோ கணக்கு கிடையாது. எத்தனை வரிசை வேண்டும் என்று சொல்லி, அந்த வரிசைகளின் முழு மகசூலுக்கும் அன்றைய மண்டி விலையில் முதலிலேயே பேசிப் பாதியைக் கையில் கொடுத்துவிட்டார். மழை வந்தாலும் பாக்கியைத் தருவதாக எழுதிக் கொடுத்தார், சாட்சிக் கையெழுத்து நான்தான் போட்டேன். உங்கள் கந்தகக் கேள்வியை நேற்றே போனில் சொன்னேன். சுருளிப்பட்டியில் அதைக் கேட்காமல் விட்டுவிட்டதாகச் சொல்லி, உடனே நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். அடுத்த முறை காய் நிறம் மாறத் தொடங்கியதிலிருந்து கந்தகம் அடிக்காத இரண்டு வரிசை கிடைக்குமா என்று உங்களிடம் கேட்கச் சொன்னார். சம்மதம் என்றால் எனக்குத் தனியாக ஒரு வரி போடுங்கள். கவாத்துக்கு முன்னாலேயே பேசிவிடுவது நல்லது.