மினி டிராக்டர் பேட்டரி நிக்க மாட்டேங்குது, அவசரம்

குடியாத்தம் தென்னந்தோப்பு:
பழைய மினி டிராக்டர். சார்ஜ் போட்டா அன்னிக்கு நல்லா ஓடுது. அப்புறம் செல்ஃப் அடிச்சா டக்குனு ஒரு சத்தம், அவ்ளோதான். பேட்டரி நல்ல பேட்டரி. நாளைக்கு ரொட்டவேட்டர் ஓட்டணும். இன்னா பண்றது?

ஒடுகத்தூர் மாந்தோப்பு:
எத்தனை எச்பி? பேட்டரி எத்தனை ஏஎச் (ஆம்பியர்-அவர், எவ்ளோ கரண்ட் பிடிக்கும்ங்கற அளவு), எத்தனை வருஷம்? எவ்ளோ நேரம் நிறுத்தினா இறங்குது? முக்கியமா, சாவியில ஆஃப் பண்றியா, டீசலை நிறுத்தற ஸ்டாப் நாபை இழுத்தா?

ஆம்பூர் உழவன்:
ஹீட்டர் ரிலே, அதான் ஸ்டார்ட்டுக்கு முன்னாடி இன்ஜினைச் சூடாக்கற ஹீட்டருக்குக் கரண்ட் விடற சுவிட்ச், ஒட்டிகினு இருக்கும். கண்ணை மூடிகினு மாத்து.

வாலாஜா வயல்:
பேட்டரியைக் கழட்டி சிமெண்ட் தரையில வெச்சியா? தரை சார்ஜை இழுத்துடும். பலகை மேல வை.

குடியாத்தம் தென்னந்தோப்பு:
18 எச்பி, மூணு சிலிண்டர். 45 ஏஎச், ஒன்றரை வருஷம். ஒரு ராத்திரி தாங்குது, மூணாம் நாள் அவுட். ஸ்டாப் நாப்தான், ஆனா சாவியை எடுத்துடுவேன். பாட்டு செட் ஒண்ணு கீது.

காட்பாடி வயரிங்:
இதை முதல்லயே எழுதியிருந்தா பாதி பேச்சு மிச்சம். ஆம்பூர்க்காரரே, கொஞ்சம் கணக்குப் போடுங்க. ஹீட்டர் பிளக் ஒண்ணு சுமார் 8 ஆம்பியர், மூணும் சேர்ந்து 24. ரிலே ஒட்டினா ரெண்டு மணி நேரத்துல பேட்டரி காலி, மூணு நாள் வராது. சாவி ஆன்ல மறந்திருந்தாலும் டைனமோ உள்ள இருக்கற ஃபீல்டு காயில் 2 இல்ல 3 ஆம்பியர் தின்னும், விடிஞ்சா செத்திருக்கும். 72 மணி நேரத்துல 30 ஏஎச் போச்சுன்னா கசிவு 0.4 ஆம்பியர் கிட்ட. டைனமோ டயோடு (கரண்ட்டை ஒரு பக்கம் மட்டும் விடறது) கசியுது, இல்லன்னா நேரா பேட்டரியில மாட்டின பாட்டு செட்.

அணைக்கட்டு ராட்டினம்:
சிம்பிள் அண்ணே. இன்ஜின் ஓடும்போது நெகட்டிவைக் கழட்டு. நின்னா டைனமோ அவுட், ஓடினா நல்லாருக்கு.

காட்பாடி வயரிங்:
இதைச் சொல்றவங்களாலதான் டயோடு வியாபாரம் நடக்குது. கார்பன் பிரஷ்ல கரண்ட் எடுத்த அந்தக் கால டைனமோவோட பழக்கம் அது. இப்போ நாம டைனமோன்னு சொல்றது ஆல்டர்னேட்டர், அதுல பேட்டரியைத் துண்டிச்சா வோல்ட் எகிறி ரெகுலேட்டரும் டயோடும் போகும். டீசல் வண்டி கரண்ட் இல்லாமலே ஓடும், அதனால ஓடுறதை வெச்சு ஒண்ணும் தெரியாது.

அணைக்கட்டு ராட்டினம்:
எங்க பக்கம் எல்லா மெக்கானிக்கும் அப்படித்தான் பாக்கறாங்க. நீங்க மட்டும் படிச்சவரா?

ஒடுகத்தூர் மாந்தோப்பு:
சண்டையை விடுங்கப்பா. தம்பி, மல்டிமீட்டர் இருந்தா செய். எல்லாம் ஆஃப், சாவி வெளியே. நெகட்டிவ் வயரைக் கழட்டு. மீட்டரோட சிவப்பு வயரை 10 ஆம்பியர் ஓட்டைக்கு மாத்தி, ஒரு முனை கழட்டின வயர்ல, இன்னொண்ணு பேட்டரி நெகட்டிவ்ல. அப்போ சாவியோ ஹீட்டரோ போட்டுடாதே, மீட்டர் பியூஸ் போயிடும். உன் வண்டியில கம்ப்யூட்டர் கிடையாது, அதனால 0.03க்கு மேல வரக் கூடாது.

மேல காட்டினா பியூஸை ஒவ்வொண்ணா எடுத்துப் பாரு. பாட்டு செட் நேரா மாட்டியிருந்தா பியூஸ் பெட்டியில தெரியாது, அதைத் தனியா கழட்டு. இறங்கலன்னா மீட்டரை எடுத்துட்டு, டைனமோ பின்னாடி தடியா வர்ற பாசிட்டிவ் வயரைக் கழட்டி நுனியில டேப் சுத்தி, திரும்ப அள. இறங்கினா டயோடுதான். அந்த வயர் இல்லாம வண்டி ஸ்டார்ட் பண்ணாதே.

பேட்டரி மூடி ஈரமா இருந்தா அதுவும் கசியும். மீட்டரை 20 வோல்ட்ல வெச்சு, சிவப்பை பாசிட்டிவ்லயும் கருப்பை பிளாஸ்டிக் மேலயும் தொடு. வோல்ட் காட்டினா ஆப்ப சோடா கலந்த வெந்நீர்ல தொடை. உள்ள இறங்காம பாத்துக்கோ.

வாலாஜா வயல்:
சிமெண்ட் தரைக்குப் பதிலே வரல.

காட்பாடி வயரிங்:
ரப்பர் பெட்டி பேட்டரி காலத்துக் கதை சார் அது. இப்போ பிளாஸ்டிக் பெட்டி, தரைக்குக் கரண்ட் போகாது. வேலூர் வெயில்ல பேட்டரி தானா கொஞ்சம் இறங்கும், அதுவும் வாரக்கணக்குல, மூணு நாள்ல இல்ல. கேட்டவர் நாளைக்கு உழுறதுக்கு 4 ஆம்பியர்ல ராத்திரி முழுக்க சார்ஜ் போடட்டும், உழுது முடிச்சதும் நெகட்டிவைக் கழட்டி வைக்கட்டும்.

ஆம்பூர் உழவன்:
ரிலேவையும் ஒரு தடவை பாக்கலாம்ல.

குடியாத்தம் தென்னந்தோப்பு:
பார்த்தேன். 0.41. பாட்டு செட் கழட்டினா 0.36, டைனமோ வயர் கழட்டினா 0. டயோடு தட்டு மாத்த கடையில குடுத்துட்டேன். தேங்க்ஸ்.

ஒடுகத்தூர் மாந்தோப்பு:
மாட்டினதும் பாதி ஆக்சிலேட்டர்ல பேட்டரி மேல வோல்ட் பாரு, 13.8லேந்து 14.4க்குள்ள இருக்கணும். அப்படியே மீட்டரை ஏசிக்கு மாத்தி அள, அரை வோல்ட்டுக்கு மேல போனா புது டயோடும் சரியில்ல. என்ன வந்துச்சுன்னு போடு.