புது உறைகிணற்றில் மீன், குளோரின் போட முடியவில்லை

வேதாரண்யம் பக்கம், மணல் பூமி. தை மாதம் உறை இறக்கினோம். 20 அடி ஆழம், 9 அடியில் தண்ணீர். பக்கத்து வீட்டு செப்டிக் டேங்க் 25 அடி தூரத்தில் இருப்பதுதான் என் பயம்.

டிடிஎஸ் மீட்டரில் 610. அது உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. ஆய்வகத்தில் கொடுத்தால், மலத்திலிருந்து வரும் ஈ.கோலை கிருமி இருக்கிறது என்று வந்துவிட்டது. 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்ற அப்பாயி விடவில்லை. "தண்ணி கெட்டிருந்தா மீனு செத்து மிதக்கும்" என்று ஜிலேபிக் கெண்டைக் குஞ்சுகளை உள்ளே விட்டுவிட்டார். அவை கொழுகொழுவென்று வளர்ந்து, ஒவ்வொன்றுக்கும் பெயர்கூட வைத்தாயிற்று. மனிதனுக்கு வயிற்றுப்போக்கு தரும் கிருமி மீனை ஒன்றும் செய்யாது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். குளோரின் போட்டால் மீன்கள் செத்துவிடும், அதற்கு எனக்கும் மனசு வரவில்லை.

தூண்டில் கூடாது என்பது அப்பாயி உத்தரவு. பொரி தூவி வாளியில் அள்ளப் பார்த்தோம், சட்டென்று அடிக்குப் போய்விடுகின்றன. அரை ஹெச்பி மோட்டாரில் இறைத்தும் ஊற்று அடங்கவில்லை. 3 அடி விட்டத்தில் வலை வீசவும் இடமில்லை. இப்போதைக்குக் கொதிக்கவைத்துத்தான் குடிக்கிறோம்.

இப்படிக் குறுகிய உறைகிணற்றிலிருந்து மீன்களைக் காயமில்லாமல் உயிரோடு பிடித்தவர்கள், எதை வைத்துப் பிடித்தீர்கள்?