மாமரத்து வீடு (குடும்பக் குழு)

அத்தை: அடுத்த ஞாயிறு விசேஷத்துக்கு நம் மரத்துக் காய்தான். யார் பறிப்பது? போன வருடம் மாதிரி கன்னம் கருகிய காய் வந்தால் தட்டில் வைக்க மாட்டேன்.

மாமா: போன வருடம் யார் பறித்தது என்று ஊருக்கே தெரியும் 🙂

தம்பி: கிளையை உலுக்கச் சொன்னது நீங்கள்தான் மாமா

மாமா: ஏணி இருந்திருந்தால் ஏன் உலுக்கச் சொல்கிறேன்?

சித்தி: ஏணிப் பேச்சு வேண்டாம்

சித்தப்பா: பொறுங்கள், விளக்கமாகவே சொல்கிறேன். அது நோய் இல்லை, பால் பட்ட கருகல். காம்பு காயோடு சேரும் இடத்தில் ஒடிந்தால் பால் பீய்ச்சி அடிக்கும். முதலில் வரும் பாலில் எண்ணெய்ப்பசை அதிகம். அது தோலின் நுண்துளைகளில் இறங்கி, வழிந்த தடம் அப்படியே கறுத்துவிடும். போன வருடக் காயில் காம்படியிலிருந்து கண்ணீர் மாதிரி கோடு இறங்கியிருந்ததே, அதுதான். அதனால் இரண்டு விரல்கடை காம்பு விட்டுக் கத்தரியால் வெட்ட வேண்டும்.

அத்தை: அப்புறம்?

தம்பி: நான் கத்தரி வரை படித்துவிட்டேன்

சித்தப்பா: நிழலுக்குக் கொண்டுவந்து, காயைத் தலைகீழாகப் பிடித்துக் காம்பை ஒடித்து, அரை மணி நேரமாவது கம்பி வலைமேல் கவிழ்த்து வைக்க வேண்டும். வெறும் மண்ணில் வைக்காதீர்கள், காம்படி அழுகும். தோலில் பால் பட்டால் உடனே கழுவிவிடுங்கள். காய்ந்த பின் தேய்த்தால் தோல்தான் போகும்.

பாட்டி: 🎤 2:14

சித்தி: பாட்டி சொல்வது: விடியற்காலையில் பறிக்காதே, பால் அதிகம் பீய்ச்சும். ஏணியையும் கேட்கிறார்.

அத்தை: பறித்து ஃபிரிட்ஜில் வைத்துவிடலாமா அண்ணா?

சித்தப்பா: வேண்டவே வேண்டாம். பழுக்காத காய் 12, 13 டிகிரிக்குக் கீழே நாள்கணக்கில் கிடந்தால் தோல் சாம்பல் பூத்துக் குழி விழும், சரியாகப் பழுக்காது. ஒரே அடுக்காகக் காற்றாடப் பரப்பி வை.

அண்ணி: போன வாரம் எடுத்ததில் பால் தடமே இல்லை. ஆனால் பழுக்கப் பழுக்க அங்கங்கே கரும்புள்ளி?

சித்தப்பா: அது பூஞ்சை. பிஞ்சிலேயே ஏறி, பழுக்கும்வரை சத்தமில்லாமல் இருக்கும். பறித்ததும் 52 டிகிரி வெந்நீரில் 5 நிமிடம் முக்கி எடுத்தால் குறையும். கையை விட்டுப் பார்த்துச் சூட்டைக் கணிக்காதீர்கள், கூடினால் தோல் வெந்துவிடும்.

மாமா: வெப்பமானி யாரிடம் இருக்கிறது?

சித்தி: ஏணி வைத்திருப்பவரிடம் கேளுங்கள்

அத்தை: சரி, புதன் பத்து மணிக்கு மேல். கத்தரி யார்?

தம்பி: புதன் எனக்குத் தேர்வு

மாமா: அப்போ வியாழன்?

பெரியப்பா: ஏணி என்னிடம்தான் இருக்கிறது. ஒரு படி உடைந்துவிட்டது, அதனால்தான் தரவில்லை.

அத்தை: பெரியண்ணா, எந்தப் படி?